பாதியில் நின்ற தீர்மானம்: விசுவாசக் குறைவா, கணக்குப் பிழையா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு. மூன்று வருஷமாக ஜனவரி முதல் தேதியில் ஜெபித்து, வேதாகமத்தை அந்த வருஷத்துக்குள் வாசித்து முடிப்பதாகத் தீர்மானம் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் லேவியராகமம் 10ஆம் அதிகாரத்தோடு நின்றுபோகிறது. அடுத்த ஜனவரியில் மறுபடி ஆதியாகமம் 1. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதத் தொடங்கிய பாடக் கையேடும் 12 பாடங்களில் 10 முடிந்த நிலையில் ஒரு வருஷமாகக் கிடக்கிறது. “கர்த்தருக்கென்று தொடங்கியதையே முடிக்க முடியவில்லை என்றால் என் விசுவாசம் வெறும் பேச்சா?” என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருப்பதாகத் தோன்றுகிறது: மறுபடி தொடங்கி அதையும் விட்டுவிட்டால் தேவனிடம் இன்னொரு பொய் சொன்னதாகுமே என்ற பயம். வேதபாடம் சொல்லிக்கொடுப்பவன், வாசிப்புக் குழுக்களை நடத்துபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மனநல மருத்துவம் என் துறை அல்ல. அது தேவைப்படும் இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பாதியில் சோர்வு வருவதை வைத்து விசுவாசத்தை அளக்க வேதத்தில் ஆதாரம் இல்லை. இதை நிச்சயமாகவே சொல்லலாம். இடிந்த எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டிய தலைவர் நெகேமியாவின் புத்தகத்தில் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 6ஆம் வசனத்தில் அலங்கம், அதாவது அந்த மதில், பாதி உயரத்துக்கு எழும்பிவிட்டது, ஜனங்கள் மனப்பூர்வமாக வேலை செய்தார்கள் என்று இருக்கிறது. நான்கே வசனம் தள்ளி, 10இல், சுமை தூக்குகிறவர்களின் பெலன் குறைந்துவிட்டது, மண்மேடோ இன்னும் மிச்சம், இனி எங்களால் கட்ட முடியாது என்று அதே ஜனங்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய விசுவாசம் போய்விட்டது என்று நெகேமியா கடிந்துகொள்ளவில்லை. தாழ்வான இடங்களில் குடும்பம் குடும்பமாக ஆட்களை நிறுத்தினார், கர்த்தரை நினைக்கச் சொன்னார், வேலையையும் காவலையும் பிரித்துக்கொடுத்தார். ஜெபமும் ஏற்பாடும் அந்த அதிகாரம் முழுக்கச் சேர்ந்தே வருகின்றன. 4ஆம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் இருந்த துறவி எவாக்ரியு இதே அசதியைப் பற்றி எழுதியிருக்கிறார்: சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீளும், கண் ஜன்னல் பக்கமே போகும். முழு நேரமும் ஜெபத்துக்கென்று ஒதுக்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு வாசிக்கிற உங்களுக்கு வருவதில் ஆச்சரியம் என்ன? அவர் சொன்ன மருந்து எளியது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு வைத்துக்கொள், அந்த அளவு முடியும்வரை விடாதே.

உங்கள் சிக்கல் அந்த அளவில்தான் இருக்கிறது. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260, ஆக 1189 அதிகாரங்கள். (கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள் இருப்பதால் எண்ணிக்கை கூடும்.) வழக்கமான அட்டவணை வாரநாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போடுவது, வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1196. வெறும் ஏழு அதிகாரம்தான் உபரி. அதாவது ஒரு வருஷத்தில் இரண்டே நாள் காய்ச்சலில் படுக்கலாம், மூன்றாம் நாள் படுத்தால் திட்டம் தவறும். அதே அட்டவணையில் ஆதியாகமமும் (50) யாத்திராகமமும் (40) நான்காம் வாரக் கடைசியில் முடிந்து லேவியராகமம் தொடங்குகிறது. யாத்திராகமம் 25இலிருந்தே கதை நின்று, ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் துணிகளும் கொளுவிகளும் வரத் தொடங்கியிருக்கும். வருஷப் பிறப்பின் உற்சாகம் அடங்குவதும் அந்த வாரங்களில்தான். இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. மூன்று வருஷமும் அதே பக்கத்தில் நின்றது தற்செயலும் அல்ல, சாத்தானின் தனிப்பட்ட சூழ்ச்சி என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதையும் கணக்கிடுங்கள். ஞாயிறு உட்பட ஐந்து நாள் விட்டால் பாக்கி 17 அதிகாரம். அன்றைய பங்கையும் சேர்த்து 20. ஓர் அதிகாரத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அன்று இரவு அது முடியாது, மறுநாள் 23 ஆகும். பத்தாம் நாள் அட்டவணையைப் பார்க்கவே மனம் கூசும், பார்க்காமல் விட்டதும் வாசிப்பும் நின்றுவிடும். கவனியுங்கள்: வேதத்தின் மேல் இருந்த பிரியம் இதில் எங்கேயும் குறையவில்லை, பாக்கிதான் பெருகியது. அதனால் நான் குழுக்களில் வற்புறுத்துகிற ஒரே சட்டம், தவறிய நாளின் பங்கை மறுநாளில் ஏற்றக்கூடாது என்பது. விட்ட இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். முடியும் தேதி பின்னால் போகட்டும். தேதி அச்சிட்ட அட்டவணையை எடுத்து வைத்துவிட்டு, வாசித்த அதிகாரத்தைக் கட்டத்தில் குறிக்கும் தாள் ஒன்றை வைத்துக்கொண்டால் இது தானாகவே நடக்கும்.

ஆதியாகமத்துக்குத் திரும்பாதீர்கள். லேவியராகமம் 10 வரை முடித்திருக்கிறீர்கள் என்றால் 100 அதிகாரம் முடிந்தது, மிச்சம் 1089. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு என்று வைத்தால் வாரத்துக்கு 12, ஏறக்குறைய 91 வாரம். வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அச்சகத்தார் போட்ட அட்டவணையின் விதி. வேதத்தில் அப்படி ஒரு கட்டளை இல்லை. ஏழாம் நாளைக் காலியாக விடுங்கள், தவறிய இரண்டு அதிகாரங்களை ஏற்க இடம் இருக்கும். தவறாத வாரத்தில் அது ஓய்வு. லேவியராகமத்தைத் துண்டாகப் பிரித்தால் அடர்த்தி குறையும்: 1 முதல் 7 பலிகள், 8 முதல் 10 ஆசாரியரின் பிரதிஷ்டை, 11 முதல் 15 தீட்டும் சுத்திகரிப்பும், 16 பாவநிவாரண நாள், 17 முதல் 26 பரிசுத்தத்துக்கான சட்டங்கள், 27 பொருத்தனைகள். நீங்கள் நிற்கும் 11ஆம் அதிகாரம் ஒரு புதுப் பகுதியின் வாசல். 16ஐ வாசிக்கிற நாளில் எபிரெயர் 9ஐயும் சேர்த்து வாசியுங்கள், இரண்டும் ஒன்றையொன்று திறக்கும். புரியாத வசனத்தில் நின்று விளக்கவுரை தேடுவதை அந்த நேரத்தில் செய்யாமல், ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுக் கடந்துபோங்கள். வாசித்து முடிப்பதும் ஆராய்வதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே உட்காரலில் செய்ய முயன்றவர்கள் நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

தொடங்கியதை முடிப்பதைப் பற்றி வேதத்தில் நேரடியாகப் பேசும் இடம் என்று கேட்டால், பலரும் கோபுரம் கட்டத் தொடங்கியவனின் உவமையை (லூக்கா 14:28) சொல்வார்கள். அது தொடங்குமுன் செலவைக் கணக்குப் பார்ப்பது பற்றியது. இனி தொடங்கப்போகிறவர்களுக்கு உதவும். ஏற்கெனவே பாதியில் நிற்கிறவருக்கு 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள்தான் பொருந்தும் என்பது என் கருத்து. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்ப்பதாகக் கொரிந்து சபை உற்சாகமாக ஒத்துக்கொண்டது. ஒரு வருஷம் கழிந்தும் அது முடியவில்லை. பவுல் என்ன செய்கிறார் பாருங்கள். விருப்பம் இருந்ததை ஒப்புக்கொள்கிறார், இப்போது அதைச் செய்து முடியுங்கள் என்கிறார், அதுவும் உங்களிடம் உள்ளதற்குத் தக்கதாக (8:11, 12). இல்லாததின்படி அல்ல, இருக்கிறதின்படியே அது அங்கீகரிக்கப்படும் என்ற வரியை, அளவைக் குறைத்தால் விசுவாசத்தைக் குறைத்ததாகும் என்று நினைக்கிற யாரும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். முறையையும் அவர் முந்தின நிருபத்திலேயே சொல்லியிருந்தார்: வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதை எடுத்துவைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). நாள் குறித்த, சிறு அளவான, திரும்பத் திரும்பச் செய்யும் செயல். அதோடு நிற்காமல், தான் வருமுன்னே தீத்துவையும் வேறு இரண்டு சகோதரரையும் அனுப்புகிறார். காரணத்தை மறைக்கவும் இல்லை: மக்கெதோனியர் என்னோடு வந்து நீங்கள் ஆயத்தமில்லாமல் இருப்பதைக் கண்டால் நமக்கு வெட்கமாகும் என்று எழுதுகிறார் (9:4). அப்போஸ்தலரே தேவபயத்தை மட்டும் நம்பி விடவில்லை, ஆள் அனுப்பினார். இது பலித்தது என்று நினைக்க இடமுண்டு. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ளவர்கள் கொடுத்ததாக ரோமர் 15:26 சொல்கிறது, கொரிந்து இருந்தது அகாயாவில்.

பல வருஷம் நின்றுபோனதை மறுபடி எடுக்க முடியுமா என்பதற்கு ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகம் இருக்கிறது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள், எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம்வரை, சுமார் 16 வருஷம். கி.மு. 520இல் ஆகாய் பேசியபோது, முதலில் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள் என்றார். உடனே அடுத்த வசனத்தில் மலைக்குப் போய் மரம் கொண்டுவாருங்கள் என்றார். ஆலயத்தை முடியுங்கள் என்ற பெரிய கட்டளைக்கு அவர் கொடுத்த முதல் படி, கால் எடுத்து வைத்து நடக்கக்கூடிய ஒரு காரியம். ஆறாம் மாதம் முதல் தேதி பேசினார், 24ஆம் தேதி வேலை தொடங்கியது. இடையில் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை. ஒரு மாதம்கூட ஆகுமுன் அடுத்த சோர்வு வந்தது. ஏழாம் மாதம் 21ஆம் தேதி ஆகாய் மறுபடி பேச வேண்டியிருந்தது. இந்த முறை காரணம் எதிரிகள் அல்ல, ஒப்பீடு: முந்தின ஆலயத்தின் மகிமைக்கு முன் இது ஒன்றுமில்லை என்று தோன்றியது. மறுபடி தொடங்குகிறவர்களுக்கு மூன்றாம், நான்காம் வாரத்தில் இதே எண்ணம் வரும். “மற்றவர்கள் வருஷா வருஷம் வாசித்து முடிக்கிறார்கள், நான் இரண்டு வருஷம் எடுக்கிறேனே.” வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி வலு போய்விடும். ஆலயம் தரியுவின் ஆறாம் வருஷத்தில், ஆதார் மாதம் மூன்றாம் தேதி முடிந்தது (எஸ்றா 6:15).

கையேட்டின் கதை வேறு. அங்கே நடுவழிச் சோர்வு இல்லை, கடைசி ஆறில் ஒரு பங்கு நிற்கிறது. நெகேமியா 6:1ஐப் பாருங்கள்: அலங்கத்தில் திறப்பு ஒன்றும் இல்லை, ஆனால் வாசல்களுக்குக் கதவு இன்னும் போடவில்லை. சரியாக அந்த நேரத்தில் எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் ஓனோ சமவெளிக்குப் பேச வாருங்கள் என்று அழைக்கிறார்கள். நான்கு முறை அழைப்பு, நான்கு முறையும் ஒரே பதில். முக்கால்வாசி முடிந்த வேலை முடிந்த வேலையைப் போலவே தோன்றும், புது அழைப்புகள் அப்போதுதான் இனிக்கும். 10 பாடம் எழுதிய பின் உங்களுக்கு வேறு பொறுப்புகள் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கையேடு என்ற பெயரில் மனதில் கிடப்பதைக் காகிதத்தில் பிரியுங்கள்: 11ஆம் பாடத்தின் வசனமும் கதையும், 12ஆம் பாடத்தின் வசனமும் கதையும், இரண்டுக்கும் கேள்விகள், பிழை திருத்தம், வேறொருவர் படித்துப் பார்ப்பது, பிரதி எடுப்பது. ஒவ்வொன்றும் ஓர் உட்காரலில் முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும். முடியாததை இன்னும் உடையுங்கள். எத்தனை நாள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்குங்கள். ரோஜர் ப்யூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். எடுத்தது 55 நாளுக்கு மேல். அந்த 12 பாடம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால் 10 பாடத்தோடு கையேட்டை முடித்து வெளியிடுவதும் முடிப்பதுதான். எது முடிவு என்று எழுதி வைக்காத வேலைக்கு முடிவே வராது.

உளவியல் ஆய்வுகளில் எதை நம்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். “இன்ன நேரம் வந்ததும், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் வலுவானது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். “காலையில் வாசிப்பேன்” என்பதைவிட “பல் தேய்த்து வந்து மேஜையில் உட்கார்ந்ததும், கைபேசியைத் தொடுமுன், இரண்டு அதிகாரம்” என்பது நிற்கும். ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று பிரசங்கங்களிலும் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை. பிலிப்பா லாலியின் 2010 ஆய்வில் 96 பேர் பங்கெடுத்தார்கள். பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை மாறியது. அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி கெடுக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். முடிக்காத வேலை மனதைவிட்டுப் போகாமல் தானாகவே நம்மை இழுத்து முடிக்கவைக்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக்கின் 1927 ஆய்வை வைத்துச் சொல்வதைச் சந்தேகத்தோடு கேளுங்கள். அந்த நினைவுச் சோதனையை மறுபடி செய்துபார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி முடிவு கிடைக்கவில்லை.

இனி பொருத்தனை, அதாவது தேவனுக்கு வாக்குக் கொடுத்துச் செய்யும் நேர்ச்சை. இங்கே கருத்து வேறுபாடு உண்டு, என் பதிலை இறுதியானதாக எடுக்க வேண்டாம். “வாசித்து முடிக்கத் தீர்மானிக்கிறேன், கிருபை தாரும்” என்று ஜெபித்திருந்தால் அதைப் பொருத்தனை என்று நான் சொல்லமாட்டேன். அது உதவி கேட்ட ஜெபம். “இதைச் செய்வேன் என்று உமக்குப் பொருத்தனை பண்ணுகிறேன்” என்று தெளிந்த மனதோடு சொல்லியிருந்தால் பிரசங்கி 5:4, 5 கனமாகவே பேசுகிறது: தாமதியாமல் செலுத்து, செய்து செலுத்தாமற்போவதைவிடப் பொருத்தனை செய்யாதிருப்பதே நலம். அதே சமயம் லேவியராகமம் 27:8, பொருத்தனை செய்தவன் மதிப்பிட்ட தொகையைச் செலுத்த முடியாத ஏழையானால், ஆசாரியன் அவன் சக்திக்கு ஏற்றபடி மதிப்பைக் குறைக்கலாம் என்கிறது. குறைத்தவன் பொருத்தனை செய்தவன் அல்ல, ஆசாரியன். அதனால் உங்கள் போதகரிடமோ ஆயரிடமோ சொல்லி, அவரோடு ஜெபித்து, புதிய அளவை வைத்துக்கொள்வது நல்லது என்பேன். கத்தோலிக்க சபையில் பொருத்தனையிலிருந்து விலக்கு அளிக்கவும் அதை மாற்றித் தரவும் திருச்சபைச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒன்றில் மட்டும் உறுதியாகச் சொல்வேன்: “நற்கிரியையைத் தொடங்கினவர் முடிய நடத்திவருவார்” என்ற பிலிப்பியர் 1:6ஐ உங்கள் அட்டவணைக்கான உத்தரவாதமாகப் பயன்படுத்தாதீர்கள். அந்த வசனத்தில் தொடங்கினவர் தேவன், வேலை நடப்பது விசுவாசிகளுக்குள். கையேட்டை யார் எழுதி முடிப்பார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

தொடங்கிய எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்பதும் வேதத்தின் போதனை அல்ல. ஆலயம் கட்ட விரும்பிய தாவீதுக்கு அனுமதி கிடைக்கவில்லை. விருப்பம் நல்லது என்று கர்த்தரே சொன்னார் (1 இராஜாக்கள் 8:18), தாவீது மரமும் கல்லும் இரும்பும் சேர்த்து மகனிடம் ஒப்படைத்தார். யெப்தாவோ யோசிக்காமல் செய்த பொருத்தனையைத் தன் மகள்மேல் நிறைவேற்றினான் (நியாயாதிபதிகள் 11), அந்த அதிகாரத்தை யாரும் மாதிரியாக எடுப்பதில்லை. ஒரு வேலையை விடலாமா என்று பார்க்க நான் கேட்கச் சொல்வது: இது முடியாவிட்டால் யாருக்கு நஷ்டம்? பிள்ளைகளுக்கு நஷ்டம் என்றால் நீங்களே முடிக்க வேண்டியதில்லை, யாராவது முடிக்க வேண்டும். 10 பாடத்தையும் மீதிக்கான குறிப்புகளையும் இன்னொரு ஆசிரியரிடம் கொடுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை, பெயருக்காகத்தான் என்றால் தேதி போட்டு நிறுத்திவிடுங்கள். சும்மா கிடக்க விடுவதுதான் மோசம்.

வாசிப்பும் கையேடும் மட்டும் அல்லாமல், சிறு வயது முதலே எதையும் முடிக்க முடியாத நிலை என்றால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் மாறி எதிலும் நாட்டமே இல்லை என்றால், அட்டவணையை மாற்றுவதால் தீராது, மருத்துவரைப் பாருங்கள். கவனம் சிதறியது என்று ஒரே அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று முதலிலிருந்து சொல்வது, தேவனிடம் பொய் சொல்லிவிட்டேன் என்ற எண்ணம் நாள் முழுக்க அரிப்பது, இவை பக்தியின் வடிவில் வரும் எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அப்படியானால் சிகிச்சை நடக்கும்வரை வாசிப்புத் திட்டத்தை நிறுத்திவைக்கலாம். எந்த அதிகாரம்வரை வந்தீர்கள் என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள், அது போதும்.